நூற்று முப்பத்தேழாவது டப்பா

ஜனவரி 6, 2025, திங்கள்

இன்று வந்த மாதிரிகள் ஏழு. நான் கொடுத்து அனுப்பிய டப்பாவிலேயே திரும்பி வந்தவை இரண்டுதான். ஒன்று இருமல் மருந்துப் புட்டியில் வந்தது. ஒன்று சட்னி கட்டும் பிளாஸ்டிக் பையில், மேலே ரப்பர் பேண்டு சுற்றி, ஓட்டல் பார்சல் மாதிரியே. இன்னொருவர் அரைக் கிலோ நெய் டப்பா நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பத்தாவிட்டால் சாயங்காலம் இன்னும் தருவதாகச் சொன்னார். எனக்கு வேண்டியது ஒரு கரண்டி. அதுவும் சின்னக் கரண்டி.

பதினான்கு வருடமாக லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று. நாலு மாதமாக முழுநேரமும் மலம்தான். மைக்ரோபயாலஜி டாக்டர் அன்புக்கரசி மேடத்துக்கு ஒரு கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாந்தி பேதி என்று வருகிறவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ்? இருநூறு பேரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கேள்வி மேடத்தினுடையது, டப்பாவோடு அலைவது நான். இதுவரை எண்பத்து நான்கு.

வீட்டில் ஜெரோம் போட்டிருப்பது ஒரே சட்டம்: சாப்பிடும்போது ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது. அவர் சமையல் மாஸ்டர். கல்யாணம், காதுகுத்து, கோயில் விருந்து. அவர் சமைத்து ஊரார் வயிற்றுக்குள் அனுப்பி வைக்கிறார், அங்கிருந்து எனக்கு வருகிறது. இரண்டும் ஒரே தொழில்தான் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஜனவரி 9, வியாழன்

முதல் எண்பது பேரின் ரிசல்ட் வந்தது. முப்பத்தாறு பேருக்கு வைரஸ். கிட்டத்தட்டப் பாதி! பெரியவர்களிடம் நோரோ வைரஸ்தான் முதலிடம். குழந்தைகளிடம் நோரோவும் ரோட்டாவும் மல்லுக்கட்டுகின்றன. அடினோ, ஆஸ்ட்ரோ எல்லாம் கடைசிப் பெஞ்சு. குழந்தைகளுக்கு அதற்கென்று சொட்டு மருந்து வந்த பிறகு ரோட்டாவின் கொட்டம் கொஞ்சம் அடங்கியிருப்பதாக மேடம் சொன்னார்.

ஆனால் வைரஸ் என்று சொன்னால் நோயாளிகளில் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. படிவத்தில் பதினோராவது கேள்வி: கடந்த மூன்று நாளில் என்ன சாப்பிட்டீர்கள்? யாரும் சாப்பிட்டதைச் சொல்வதில்லை. யார்மேல் கோபமோ அவர்களைச் சொல்கிறார்கள். நாத்தனார் வீட்டுக் குழம்பு. சம்பந்தி கொண்டுவந்த அதிரசம். அதுவும் இல்லையென்றால் சூடு, பனி, பல் முளைக்கிறது, கண் பட்டுவிட்டது. நேற்று ஒருவர் மருமகன் பெயரையே எழுதச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி யாரோ ஒருவர் கைவழியாக வந்தது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதில்தான் அவர்களுக்கு ஏமாற்றம். அந்தக் கை தன்னுடையதாக இருக்கலாம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சீட்டு எனக்கு விழுந்துவிட்டது!

தெருமுனையில் சிலுவை வைத்த சின்னக் கோயில், அந்தோணியார் குருசடி. அதன் திருவிழா அடுத்த ஞாயிறு. அன்னதானத்தில் பிரியாணி ஆண்கள் வேலை, வெங்காயப் பச்சடி பெண்கள் வேண்டிக்கொண்டு செய்யும் நேர்ச்சை. வெங்காயம் உரிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். தயிர் ஊற்றிக் கலக்குவது மட்டும் ஒரே ஒருத்தி. பெண்கள் பெயரையெல்லாம் சட்டியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். கலக்கியவள் நினைத்தது அந்த வருடம் நடக்கும் என்பது தெருவின் நம்பிக்கை. கல்யாணமாகி வந்து பதினொரு வருடமாக என் பெயர் அந்தச் சட்டிக்குள்ளேயே கிடந்தது.

என்ன நினைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்காரர் வீட்டில் பிப்ரவரியில் கல்யாணம். ஆயிரத்து ஐந்நூறு இலை. ஜெரோம் இதுவரை முந்நூறைத் தாண்டியதில்லை. அவர்கள் ஜெரோம் சமைக்கும் இந்த அன்னதானத்துக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். மனிதர் மூன்று நாளாகத் தூக்கத்திலும் அரிசி களைகிறார். அந்தக் கல்யாணம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

கையுறை போட்டுக்கொண்டு கலக்கலாமா என்று விழாத் தலைவர் சூசைமாணிக்கம் மாமாவிடம் கேட்டேன். "அந்தோணியாருக்கு உறை மாட்டிக்கிட்டா தாயி சோறு போடுவ?" என்றார். கரண்டியும் ஆகாதாம். முழங்கை வரை விட்டுக் கலக்கினால்தான் நேர்ச்சை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். மாட்டுக்கு லீவு, எனக்கு இல்லை. வடமதுரையிலிருந்து தீபா என்று ஒரு பெண், எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். டோக்கன் போட ஓடும்போது குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அது என் தோள் முழுக்கக் கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. மாதிரி எண் 92.

குழாயடியில் சோப்பு தீர்ந்திருந்தது. சோப்பு வைக்கிறவரும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். சானிடைசர் ஜெல்லைத் தாராளமாகத் தடவிக்கொண்டேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நானா, கொக்கா?

ஜனவரி 17, வெள்ளி

காலையிலிருந்து மூன்று தடவை. ஒரு வாந்தி. நேற்றுச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட வெஞ்சனம் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணும் பட்டிருக்கும், சீட்டு விழுந்ததிலிருந்து தெருவே என்னைத்தான் பார்க்கிறது. கோலி சோடா குடித்தேன்.

ஜனவரி 18, சனி

வயிறு சரியாகிவிட்டது. வெங்காய மண்டியிலிருந்து நாச்சிமுத்து அண்ணன் நாலு மூட்டை சின்ன வெங்காயம் கொண்டுவந்து இறக்கினார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மண்டியில் கமிஷன் கடை. குருசடிக்கு வருடா வருடம் வெங்காயம் அவர் காணிக்கை. இப்போது பழனிக்கு நடக்க மாலை போட்டிருக்கிறார், கறி தொடமாட்டார். தனக்கு வெள்ளைச் சோறும் பச்சடியும் போதும், பச்சடியை மட்டும் மறுபடி மறுபடி கேட்பேன் என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

கலக்கினேன். சேலையை இழுத்துச் செருகி, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். தயிர் ஜில்லென்று இருந்தது. ஒரு சொட்டு மாதிரிக்கு இரண்டு கையுறை போடுகிறவள் நான். இன்று வெறுங்கை. வெங்காய வாடையில் கண்ணீர் வந்தது, பாதி வெங்காயத்தால், பாதி உண்மையாகவே.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி அண்டாக்களை மந்திரித்தார். சின்னாளப்பட்டிக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். அந்த அம்மா பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஜெரோம் மட்டும் வழக்கம்போல் பச்சடிப் பக்கமே வரவில்லை. தயிர் வாடை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. "புடிச்சிருச்சுபோல, வாணி" என்று அடுப்படியில் காதோரம் வந்து சொன்னார். அப்படி ஒரு முகத்தை நான் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

எங்கள் தெரு வார்டுக்குக் குடிவந்துவிட்டது. நேற்று மாலை ஆறு பேர், இன்று மதியத்துக்குள் முப்பது. எல்லோருக்கும் வாந்தி, பேதி. ஒரு கட்டிலில் சூசைமாணிக்கம் மாமா, கையில் குளுக்கோஸ், பக்கத்துக் கட்டிலில் அவர் சம்பந்தி. யார் உயிருக்கும் ஆபத்தில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். பதினோராவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்: கறி. கெட்ட கறி.

"சமைச்சவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே, அது எப்புடி?" என்று ஒரு கட்டிலிலிருந்து குரல் வந்தது. சமைத்தவன் பெண்டாட்டியும் குத்துக்கல்லாட்டம்தானே நிற்கிறாள் என்றது இன்னொரு கட்டில். டப்பா கொடுக்கப் போன நான் கையில் டப்பாவோடு நின்றேன்.

ஜனவரி 22, புதன்

சின்னாளப்பட்டியிலிருந்து போன். அவர்கள் வீட்டிலும் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். கல்யாணச் சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம்.

ஜனவரி 24, வெள்ளி

இருபது வருடமாக ஆடு கொடுக்கும் கறிக்கடை அஸ்பாக் பாயிடம் ஜெரோம் போய்க் கத்திவிட்டு வந்திருக்கிறார். அன்று காலையில் அறுத்த ஆடு என்று பாய் கண் கலங்கச் சொன்னாராம். அப்புறம் இவர் வேறு கடையில் அரைக் கிலோ கறி வாங்கி வந்து மோந்து பார்க்கிறார், கீழே வைக்கிறார், மறுபடி மோந்து பார்க்கிறார். பெரிய அகப்பையைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

நான் தெருக்காரர்களிடம் மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தெட்டு. சூசைமாணிக்கம் மாமாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. டப்பாவைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, காணிக்கை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

ஜனவரி 28, செவ்வாய்

முப்பத்தெட்டில் முப்பத்தொன்று நோரோ! கறி கெட்டுப்போய் வந்த விஷம் இல்லை. வைரஸ். லேபிலிருந்து வீடு வரை கிட்டத்தட்ட ஓடினேன். ஜெரோம் கேட்டுவிட்டு, அது கறியில் வராதா என்றார். ஒரு மணி நேரம் தம் போட்ட பிரியாணியில் எந்த வைரஸும் பிழைக்காது என்றேன். தலையாட்டினார். நம்பிய முகம் இல்லை.

மேடமும் சும்மா இருக்கவில்லை. சூடான சோற்றில் வரவில்லை, சரி, பிறகு எதில் வந்தது என்று கேட்டார்.

ஜனவரி 30, வியாழன்

உடம்புக்கு வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரிடமும் பதினோராவது கேள்வியை மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கறியா என்று கேட்கவில்லை, இலையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பிரியாணி மட்டும் சாப்பிட்டவர்கள் இருபத்திரண்டு பேர். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. விழுந்தவர்கள் அத்தனை பேரும் பச்சடி சாப்பிட்டவர்கள். கறியே தொடாத நாச்சிமுத்து அண்ணன்தான் எல்லோரையும்விட மோசமாக விழுந்திருக்கிறார்.

சேதி ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை நாள் கெட்ட கறி, இப்போது கெட்ட வெங்காயம். நாச்சிமுத்து அண்ணன் லேபுக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "ஏனுங்க அம்மிணி, என்ற வெங்காயமா இத்தன பேரப் படுக்க வச்சுது? பாத்துச் சொல்லுங்க. இந்தப் பேச்சோட நான் மலையேற மாட்டனுங்க."

ஜெரோம் பத்து நாளுக்குப் பிறகு இன்று சிரித்தார். வெங்காயம் என்றே இருந்துவிட்டால் அவருக்கு நல்லது. எனக்கும் அதுவே போதும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, ஒளிப்பானேன்.

ஆனால் மேடம் வேறு மாதிரி. உரித்த வெங்காயத்தில் இந்த வைரஸ் தானாக முளைக்காது, தொட்ட கைகள் யாருடையவை என்றார். நறுக்கியவர்கள், கலக்கியவர் எல்லோரிடமும் மாதிரி வாங்க வேண்டும். திருவிழாவுக்கு முன்னால் யாருக்காவது வயிறு சரியில்லாமல் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ஜனவரி 31, வெள்ளி

நறுக்கிய ஐந்து பேரிடமும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை. டப்பா எண் 132 முதல் 136. ஆறாவது படிவம் எனக்கே. 'திருவிழாவுக்கு முன் வயிற்றுக் கோளாறு?' என்ற இடத்தில் பேனாவால் 'இல்லை' என்று எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை.

பச்சடி கலக்கிய நேரத்தை எழுத வேண்டியிருந்தது. நினைவில்லை. இந்த நோட்டைப் புரட்டினேன்.

பதினேழாம் தேதி. மூன்று தடவை. ஒரு வாந்தி.

என் கையெழுத்துதான். கண்ணு பட்டுச்சாம்! வெஞ்சனம் ஒத்துக்கலையாம்! ஊரெல்லாம் சொல்றத கேட்டுச் சிரிச்சவ, எனக்கு நானே எழுதி வச்சிருக்கேன். இன்னொரு பக்கம் பின்னால போனா அந்தக் குழந்தை. சோப்பு இல்ல. ஜெல்லு. ஜெல்லுக்கு நோரோ அசையாது, சோப்பு போட்டுத்தான் கழுவணும்னு மேடம் நூறு தடவ சொல்லியிருக்காங்க. குழாயடியில அந்த நோட்டீச ஒட்டுனதே நான்தான்.

அம்புட்டுப் பேரையும் படுக்க வச்சது இந்தக் கை. என் புருஷனோட கல்யாண ஆர்டர முழுங்குனதும் இந்தக் கைதான். எதுக்கு வேண்டிக்கிட்டு அந்த அண்டாவுக்குள்ள விட்டேனோ, அதையே.

இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தாளைக் கிழித்தால் போதும். தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் வைத்துவிட்டுப் போன வெங்காயத்தைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதினேன். டப்பா எண் 137. ஆஸ்பத்திரி டப்பாவிலேயே, சின்னக் கரண்டி அளவு. அதிலாவது யாரும் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 3, திங்கள்

137 பாசிட்டிவ். அந்தக் குழந்தையின் 92-ம், என் 137-ம், தெருவும் ஒரே வகை நோரோ என்றார் மேடம். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜெரோமிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என் கறியவே நான் நம்பாம மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன்டி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அழுதேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும்.

எட்டு மணிக்கு வந்தார். கையில் அஸ்பாக் பாய் கடைப் பை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பாய் எலும்பு வேறு சும்மா போட்டுக் கொடுத்தாராம். பரண்மேல் ஏறி அகப்பையை எடுத்தார். சமைத்தார், பரிமாறினார். இரண்டாவது வாய் வைக்கும்போது கேட்டார், "ஆமா, அந்த நூத்தி முப்பத்தேழ எப்புடித்தான் புடிச்ச?"

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர் சட்டத்தை அவரே மீறினார். விளக்கமாகச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து குருசடி முன்னால் எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். எழுதிக்கொண்டு போயிருந்தேன், படிக்க முடியவில்லை. கறியும் நல்ல கறி, வெங்காயமும் நல்ல வெங்காயம், கெட்டது என் கை என்றேன். மூன்று தடவை போனதையும் ஒரு வாந்தியையும் தேதியோடு சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். வார்டில் படுத்திருந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், இனி எப்போது பேசுவாளோ.

சூசைமாணிக்கம் மாமா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "உறை போட்டுக்கிடவான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்தக் கிழவருக்கு நான் கடன்பட்டவள்.

நாச்சிமுத்து அண்ணன் வெங்காயத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே பழனிக்கு நடக்கத் தொடங்கினார். என் வயிற்றுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாராம். சின்னாளப்பட்டிக் கல்யாணம் அடுத்த வாரம். சமையல் வேறு ஆள்தான்.

ஜூலை 14, திங்கள்

இருநூறு முடிந்தது. தெருவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார் மேடம், சேர்த்தால் விகிதம் கெட்டுவிடுமாம். இருநூறில் தொண்ணூற்று நான்கு பேருக்கு வைரஸ், அதில் பாதிக்குமேல் நோரோ. மேடத்தின் கட்டுரையில் எங்கள் தெருவுக்கும் ஒரு வரி இருக்கிறது: 'உணவைக் கையாண்ட ஒருவரிடமிருந்து பரவியது.' அந்த ஒருவர் நான். பதினான்கு வருட வேலையில் முதல்முறையாகக் கட்டுரையில் ஏறியிருக்கிறேன், பெயர் இல்லாமல்.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

திருவிழா நல்லபடியாக முடிந்தது. சின்னாளப்பட்டிக்காரர்கள் கூப்பிடாமலே வந்தார்கள். அந்த அம்மா பச்சடியை முதலில் மோந்து பார்த்தார், பிறகு போன வருடம்போலவே இரண்டாம் முறை கேட்டார். இளைய மகளுக்கு ஏப்ரலில் கல்யாணமாம். ஜெரோமின் நம்பரை மறுபடி வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் நடந்ததுதான் எழுத வேண்டியது. இந்த வருடத்திலிருந்து புது ஏற்பாடு: வெங்காயம் தொட வருகிறவர்களை வாசலில் உட்கார்ந்து நான் கேட்க வேண்டும். வயிறு எப்படி, மூன்று நாளில் எத்தனை தடவை, வாந்தி உண்டா. அதைக் கூச்சமில்லாமல் கேட்கத் தெருவில் வேறு ஆள் கிடையாது என்று சூசைமாணிக்கம் மாமா தீர்ப்பு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நாலு சோப்பு, ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டி.

சீட்டு விழுந்திருந்தது எதிர்வீட்டு அருள்செல்விக்கு. குழந்தை வேண்டும் என்று எட்டு வருடமாக அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறவள். புதுச் சேலை கட்டி, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். கேட்டேன். இல்லை என்றாள். அந்த 'இல்லை' எனக்குத் தெரிந்த 'இல்லை'யாக இருந்தது. பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். அவளும் நகரவில்லை.

"நேத்து ரெண்டு தடவக்கா" என்றாள், தரையைப் பார்த்து. "கண்ணு பட்டிருக்கும்."

"எனக்கும் போன வருசம் கண்ணுதான் பட்டுச்சு" என்றேன்.

ஒரு நொடி என்னை முறைத்தாள். பிறகு கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சீட்டை அவளே மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள், மறுபடி குலுக்கி வேறொருத்தி கைக்குக் கரண்டி போனது. அடுத்த வருடம் குலுக்கல் கிடையாது, சீட்டு இந்தப் பிள்ளைக்குத்தான் என்று மாமா அங்கேயே சொல்லிவிட்டார். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் என் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தேன்.